நவீன பாணியில் ஒரு பெரிய குடும்ப வீடு: சுண்ணாம்புக் கோட்டில் தொடங்கி முதல் ஐப்பசி மழை வரை

வீடு கட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் சந்திப்பிலேயே கைபேசியை நீட்டிவிடுகிறார்கள். ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் மேல் சற்றுத் தள்ளி ஒரு சாம்பல் பெட்டி, நடுவில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, முன்னால் நீச்சல் குளம். "இந்த மாதிரி எலிவேஷன் வேணும் சார்." எலிவேஷன் என்று அவர்கள் சொல்வது முகப்புத் தோற்றத்தை. படத்தில் இருக்கும் வீடு பெரும்பாலும் வெயிலுக்கு ஏங்கும் ஊரில் இருக்கும். நமக்கோ சித்திரையில் மாடிப்படிக் கைப்பிடியைத் தொட முடியாது.

நவீன பாணி என்பது எலிவேஷன் இல்லை. 1920களில் ஐரோப்பாவில் கான்கிரீட்டும் இரும்பும் வீட்டின் பாரத்தைச் சுவரிடமிருந்து வாங்கித் தூணிடம் கொடுத்தன. சுமை இறங்கியதும் சுவரை வேண்டிய இடத்தில் வைக்கலாம், வேண்டாத இடத்தில் எடுத்துவிடலாம் என்று ஆயிற்று. ஜன்னல் எவ்வளவு அகலமாகவும் போகலாம். அடிப்படை அவ்வளவுதான். வெள்ளைப் பெட்டி அதிலிருந்து பிறந்த பல பிள்ளைகளில் ஒன்று.

கணக்குக்கு வசதியாக ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இரண்டரை கிரவுண்டு, அதாவது 6,000 சதுர அடி, 60க்கு 100. தரைத்தளமும் முதல் தளமும். தாத்தா பாட்டி, கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். பணத்துக்குக் குறைவில்லை. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருந்து நான் கற்றது ஒன்றுதான்: பணம் போக வேண்டிய இடம் பெரும்பாலும் கண்ணில் படாத இடம். மார்பிளைக் குறைத்தாவது கூரைக்கும் நிழலுக்கும் மூட்டுகளுக்கும் செலவு செய்யுங்கள்.

1. அறைகளை எழுதாதீர்கள், ஒரு நாளை எழுதுங்கள்

"நாலு பெட்ரூம், ஹோம் தியேட்டர், ஜிம்" என்று பட்டியல் போடுவது எளிது. அதற்குப் பதில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை மணிவாரியாக எழுதச் சொல்வேன். காலை ஐந்தரைக்கு யார் எழுந்து பால் வாங்குகிறார்? பள்ளிப் பை எங்கே விழுகிறது? எத்தனை ஜோடி செருப்பு? பாட்டி பகலில் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்கிறார்? வடகம் காயப் போட மாடிக்கு யார் ஏறுகிறார்? துணி எங்கே உலரும்?

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் மில்லர் வீடு இருக்கிறது. ஈரோ சாரினென் வடிவமைத்து 1957இல் முடிந்தது. ஐந்து பிள்ளைகள் வளர்ந்த வீடு. தரையில் சதுரமாகக் குழித்து, சுற்றிலும் மெத்தை போட்டு அமைத்த உட்காருமிடத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வீட்டின் உயிர், அறையின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 50 அடிக்கு ஓடும் அலமாரிச் சுவர். உள்ளே, அந்த வீட்டின் உள்ளலங்காரத்தைச் செய்த அலெக்சாண்டர் ஜிரார்ட் தேடித் தேடிச் சேர்த்த புத்தகங்களும் கைவினைப் பொருட்களும். வீட்டின் மற்ற இடம் வெறிச்சென்று அழகாக இருப்பதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம். பொருள் போக இடம் இல்லாத வீட்டில் நவீன பாணி மூன்று மாதம்கூடத் தாங்காது. அதனால் வாசலுக்கு உள்ளே ஆறடி நீளத்துக்குச் செருப்பு, குடை, ஹெல்மெட் வைக்கும் அடைப்பு அலமாரியை முதல் வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

வாஸ்து பார்ப்பவர் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். வரைபடம் முடிந்த பிறகு மாமனார் வழியாக வரும் வாஸ்து மாதிரி ஒரு வீட்டைக் கெடுப்பது வேறில்லை. ஒரு சிக்கல் மட்டும் சொல்கிறேன். அக்னி மூலை தென்கிழக்கு. சென்னையில் பிற்பகல் கடல் காற்று வருவதும் கிழக்கு, தென்கிழக்கிலிருந்துதான். அங்கே சமையலறை இருந்தால் கருவாட்டு வாசம் வீடு முழுக்கச் சுற்றி வரும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சிறு முற்றமோ திறந்த நடையோ விட்டால் சரியாகிவிடும்.

2. மனையைப் படியுங்கள்: வெயில், காற்று, மழை

இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னால் ஏசி பில்லில் வட்டியோடு கட்டுவீர்கள்.

"வடக்குப் பக்கம் வெயில் வராது, அங்கே கண்ணாடி போடலாம்" என்று பல பேர் சொல்வார்கள். டெல்லிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். சென்னை இருப்பது 13 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரம்தான் திரும்பித் தெற்கே போகிறது. ஆக அக்கினி நட்சத்திரத்தில் வெயில் வாங்குவது வடக்குச் சுவர். காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அது சாய்வாக அடிக்கும். வடக்கிலும் இரண்டடியாவது சன்ஷேடு வேண்டும்.

தெற்கு அவ்வளவு மோசமில்லை. 7 அடி உயர ஜன்னலை மார்ச், செப்டம்பர் நண்பகலில் முழுதாக நிழலில் வைக்க ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல் நீட்டினால் போதும். டிசம்பரில் சூரியன் தாழ்ந்து 53 பாகையில் நிற்கும்போது 5 அடி வேண்டியிருக்கும். ஆனால் மார்கழி வெயில் உள்ளே வந்தால் யாருக்கும் கோபம் வராது.

மேற்குதான் வில்லன். மாலை நாலரை மணிக்கு மேல் தாழச் சாய்ந்து வரும் வெயிலை எந்தச் சன்ஷேடும் தடுக்காது. மேற்கே குளியலறை, படிக்கட்டு, துணி அலமாரி, ஸ்டோர் என்று அடுக்கி, அவற்றையே வெயிலுக்குக் கேடயமாக வையுங்கள். ஜன்னல் கண்டிப்பாக வேண்டும் என்றால் செங்குத்துப் பலகைகளோ துளை விட்ட ஜாலிச் சுவரோ வைத்து, வெளியே ஒரு புங்க மரம் நடுங்கள்.

காற்று ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் கடல் காற்று என்றால், கோவையில் ஆனியும் ஆடியும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வரும். கோவை வரைபடத்தைத் திருச்சிக்கு எடுத்துப் போகக் கூடாது. மழை சென்னையில் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்கிலிருந்து சாய்ந்து வரும். தரைமட்டத்தை முடிவு செய்யுமுன் அக்கம்பக்கத்தாரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "2015இல் தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கைக்கு மேலே பிளிந்த், அதாவது வீட்டின் தரைமட்டம்.

இதையெல்லாம் முதலில் யோசித்தவர்கள் நாம் இல்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பாருங்கள். வேலை தொடங்கியது 1937இல். ஆன்டனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகஷிமாவும் பிரான்டிஷெக் ஸாமரும் தளத்திலேயே இருந்து கட்டினார்கள். வீடு இல்லை, தங்குமிடம்தான். ஆனால் நம் வெயிலுக்கான நவீன பாணிக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. ஜன்னலே இல்லை, சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். அறைகள் ஒரே வரிசை, பின்னால் நடை, இடையில் காற்றுப் புகும் தேக்குச் சறுக்குக் கதவு. கான்கிரீட் கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டுப் பொருத்தியிருக்கிறார்கள், வெயில் கூரையைத் தொடுவதற்குள் காற்று நடுவில் போய்விடும். கட்டிடக் கலைஞர் லெ கொர்பூசியேவும் 1950களில் அகமதாபாத்தில் ஷோதன் வீட்டுக்குக் குடை மாதிரி இரண்டாவது கூரை போட்டார். அதே ஊரில் சாராபாய் வீட்டுக்கு வளைவுக் கூரை மேல் மண் போட்டுப் புல் வளர்த்தார். அந்த வீட்டுத் தரை கறுப்பு மெட்ராஸ் கல் என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை.

3. வரைபடத்தைக் காகிதத்தில் நம்பாதீர்கள்

கணினியில் எல்லா அறையும் பெரிதாகத் தெரியும். நான் எப்போதும் மனையைச் சுத்தம் செய்து சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போடச் சொல்வேன். மேஸ்திரிக்கும் உதவியாளுக்கும் அரை நாள் வேலை. அப்புறம் வீட்டார் எல்லோரையும் மாலை நாலு மணிக்கு வரச் சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கூடத்திலும் சாப்பாட்டு அறையிலும் போட்டு உட்கார வைப்பது.

ஒரு தடவை எழுபத்தெட்டு வயதுப் பாட்டி, தன் அறை என்று குறித்த கட்டத்துக்குள் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் கழித்து, "இங்கேர்ந்து வாசல் கேட்டு தெரியல. யார் வர்றாங்க போறாங்கன்னு நான் எப்படிப் பார்க்கிறது?" என்றார். மூன்று மாத வரைபடம் அந்த ஒரு கேள்வியில் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் திரும்பியது. செலவு, ஒரு மூட்டைச் சுண்ணாம்பு.

முற்றம் வேண்டுமா என்று யோசிப்பவர்கள் கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960 முதல் 62 வரை எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டைப் பற்றிப் படியுங்கள். மரபு வீட்டின் நடுமுற்றமும் ஓட்டுக் கூரையும் தாழ்வாரமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொள்ளும் விதம் முழுக்க நவீனம். இடிபட இருந்த அந்த வீட்டைப் பிற்பாடு கல் கல்லாகக் கழற்றி, எண் போட்டு, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மறுபடி நிறுத்தினார்கள். நம் மனையில் 14க்கு 18 அடி முற்றம் தாராளமாக வரும். அதைவிடச் சின்னதாகப் போனால் இரண்டு மாடி உயரத்துக்கு அது கிணறாகிவிடும். மேலே கண்ணாடி போட்டு மூடாதீர்கள். மூடினால் சூடு தங்கும் இடமாக மாறிவிடும். மழை விழட்டும், கம்பி வலை மட்டும் போதும்.

இந்தக் கட்டத்திலேயே அனுமதி விஷயங்களையும் பார்த்துவிட வேண்டும். 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் பக்கவாட்டு இடைவெளி, உயரம், தளப் பரப்பு எல்லாம் இருக்கின்றன. மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் வடிவமைப்பாளர் பார்த்துக்கொள்வார், நீங்கள் ஒரு தடவை கேட்டு உறுதி செய்யுங்கள்.

4. தூண், பீம், நீட்டம்

கூடத்தில் நடுத்தூண் வேண்டாம் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை. 24 அடி இடைவெளி என்றால் தோராயக் கணக்கில் பீம் ஆழம் 2 அடி. அது கூரையிலிருந்து தொங்கினால் சுத்தமான மேல்தளம் என்ற கனவு போச்சு. ஒரு வழி, பீமைத் தலைகீழாக ஸ்லாபுக்கு மேலே எழுப்பி மொட்டை மாடியில் திண்டாகவோ செடித் தொட்டியின் விளிம்பாகவோ பயன்படுத்துவது. கீழே தளம் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்கும். ஆனால் மாடியில் மழைநீர் ஓட அந்தப் பீமில் குழாய்த் துளை விட வேண்டும். கம்பி கட்டும்போது விட மறந்தால் அப்புறம் துளைக்க முடியாது.

தூணே இல்லாமல் முன்னே நீட்டிய மாடி அழகுதான். அமெரிக்காவில் ஃப்ராங்க் லாய்ட் ரைட் அருவிக்கு மேல் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டின் நீட்டங்கள் கட்டி முடிக்கும்போதே தாழத் தொடங்கின. கடைசியில் 2002இல் உள்ளே இழுவைக் கம்பிகள் போட்டு இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆக 6 அடிக்கு மேல் நீட்டம் என்றால் ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கையெழுத்தோடு நிற்காமல், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கும் நாளில் அவரே நேரில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிரிப்பது நுனியிலிருந்து உள்நோக்கி. நம் ஆட்கள் வசதிக்காக உள்ளிருந்து தொடங்குவார்கள், விடாதீர்கள்.

கடற்கரை ஓரம், குறிப்பாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கட்டுகிறீர்கள் என்றால் கான்கிரீட்டின் பலம் எம்30 தரத்துக்குக் குறையக் கூடாது, கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடுகை வேண்டும். உப்புக் காற்று பொறுமையானது. பத்து வருடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஒரே வருடத்தில் கான்கிரீட் பொரிந்து கம்பி தெரியும்.

5. தட்டைக் கூரை என்னும் சத்திய சோதனை

நவீன வீட்டின் அடையாளமே தட்டைக் கூரை. அதன் அவமானமும் அதுதான். பாரிஸ் பக்கம் பொவாசி ஊரில் லெ கொர்பூசியே வடிவமைத்து 1931இல் முடிந்த சவோய் மாளிகை உலகப் புகழ் பெற்றது. அந்த வீட்டம்மா மழைக்கு ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று லெ கொர்பூசியேவுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார்.

நம்மிடம் மொட்டை மாடி பல தலைமுறைப் பழக்கம். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, கட்டையால் நாள் கணக்கில் தட்டி, மேலே தட்டோடு பதித்தார்கள். இன்றும் நல்ல ஆள் கிடைத்தால் நான் அதைத்தான் போடுவேன். கிடைக்காவிட்டால், ஸ்லாப் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, அதன் மேல் வெப்பத்தடுப்பு அட்டை, அதற்கு மேல் சாய்வுக் கான்கிரீட், கடைசியில் வெள்ளை ஓடு. சாய்வு 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சதுரமாக விடாமல் கலவையால் உருட்டி, நீர்த்தடுப்பை ஓரடி சுவரில் ஏற்ற வேண்டும். ஒழுகும் மாடிகளில் நான் பார்த்தவரை நடுவில் ஒழுகுவது அபூர்வம். எல்லாம் இந்த மூலையிலும் குழாய் வாயிலும்தான்.

பிறகு சோதனை. வாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி, மூன்று நாள் விட்டுவிடுங்கள். கீழே போய்ப் புதுத் தளத்தின் அடிப்பக்கத்தில் ஈரத் திட்டு தேடுங்கள். ஒப்பந்தக்காரர் "நேத்து மழையே பெஞ்சுடுச்சு சார், அதுவே டெஸ்ட்" என்பார். சரி என்று தலையாட்டிவிட்டு, தண்ணீர் லாரிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

6. வெளித்தெரியும் கான்கிரீட்

பூசாத கான்கிரீட் சுவர் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூச்சு என்பது எல்லாத் தவறையும் மன்னிக்கும் தாய். அதை எடுத்துவிட்டால் வார்ப்புப் பலகையின் ஆணித் தலைகூடச் சுவரில் நிரந்தரமாகப் பதியும்.

முதலில் மனையின் பின்புறம் நாலுக்கு நாலு அடியில் ஒரு மாதிரிச் சுவர் போடுங்கள். ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொன்றிலும் பலகை, எண்ணெய், கலவை மாற்றிப் பாருங்கள். பிடித்ததை முடிவு செய்த பிறகு சிமென்ட் பிராண்டும் மணலும் கடைசிச் சுவர் வரை மாறக் கூடாது. மாறினால் ஒரு சுவர் யானைச் சாம்பல், அடுத்தது பூனைச் சாம்பல் ஆகிவிடும். பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் வைக்கும் கவர் பிளாக் அதே கலவையில் வார்த்ததாக இருக்கட்டும். ஸ்விட்ச் பெட்டி, விளக்குப் பெட்டி, குழாய் எல்லாம் கான்கிரீட் ஊற்றும் முன்பே உள்ளே இருக்க வேண்டும், ஏனென்றால் பிறகு சுவரை வெட்ட முடியாது. அதாவது கட்டிலுக்குப் பக்கத்தில் எந்த உயரத்தில் கைபேசி சார்ஜ் போடுவீர்கள் என்பது அஸ்திவாரம் முடியுமுன் தெரிந்திருக்க வேண்டும். பலருக்கு இது சிரிப்பாக இருக்கும்.

ஊற்றும் நாள் ஒரு சின்னத் திருவிழா. கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஒரு பக்கம் உறும, எங்கள் மேஸ்திரி ரப்பர் சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே நடப்பார், காதைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. காலியாக இருந்தால் டொம் என்று கேட்கும். நிரம்பியிருந்தால் டப். "டொம்" கேட்ட இடத்தில் வைப்ரேட்டரை மறுபடி இறக்குவார்கள். இளநீர் வாங்குகிற மாதிரிதான். பலகை பிரித்த பிறகு பத்து நாளாவது சாக்கு போர்த்தித் தண்ணீர் விட வேண்டும், அதுவும் சாயம் போகாத சாக்காகப் பார்த்து. எங்கள் வேலை ஒன்றில் சிமென்ட் பை எழுத்து சுவரில் நீலமாகப் பதிந்து, இன்றும் மழை நாளில் மங்கலாகத் தெரிகிறது.

அப்புறம் நம் ஊர் ஈரத்துக்குக் கான்கிரீட்டில் பாசி வரும். வெளிச் சுவரின் உச்சியில் நீர் சொட்டுக் காடி விட்டு, நீர் விலக்குப் பூச்சு அடித்து, சில வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி அடிக்க வேண்டும். அதற்கு மனம் இல்லை என்றால் வெளியே சுண்ணாம்புப் பூச்சுக்குப் போங்கள், குறை ஒன்றும் இல்லை.

7. கண்ணாடி, கொசு, கம்பி

செக் நாட்டு புர்னோ நகரில் மீஸ் வான் டெர் ரோ 1930இல் முடித்த டூகென்ட்ஹாட் வீட்டில், கூடத்தின் பெரிய ஜன்னல் கண்ணாடிகள் பொத்தானை அழுத்தினால் மின்மோட்டாரில் தரைக்குள் இறங்கிவிடும். அதே மீஸ் பிற்பாடு அமெரிக்காவில் டாக்டர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு 1951இல் கட்டிக் கொடுத்த கண்ணாடி வீட்டில் கதவைத் தவிரத் திறக்க இரண்டே சிறு ஜன்னல்கள். கோடையில் புழுக்கம், கொசு. அந்த அம்மா கடைசியில் திண்ணையைச் சுற்றிக் கொசுவலை அடித்தார். முதல் வீட்டிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள், இரண்டாவதைப் படத்தில் ரசியுங்கள்.

நம் வீட்டில் சறுக்குக் கதவுக்கு மூன்று தண்டவாளம்: இரண்டு கண்ணாடிக்கு, ஒன்று வலைக்கு. வலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் கடைசியில் வெல்க்ரோ ஒட்டி நிற்பீர்கள். வெளித்தரை உள்தரையைவிட முக்கால் அங்குலமாவது தாழ்வாக இருக்கட்டும், தண்டவாளத்திலிருந்து நீர் வெளியேற வழி இருக்கட்டும். கிரில் இல்லாத வீட்டில் பாட்டிக்குத் தூக்கம் வராது, அதனால் அதையும் வரையுங்கள். அரை அங்குலச் சதுரக் கம்பியை நாலு அங்குல இடைவெளியில் செங்குத்தாக நிறுத்தினால் அதுவே முகப்பின் அழகு.

8. உள்ளே: தரை, மரம், இடைவெளி

ஒரு வீட்டுக்கு மூன்று பொருள் போதும், நாலாவது வந்தால் கண்காட்சி. ஒரு கல், ஒரு மரம், ஒரு சுவர். தரைக்கு இத்தாலி மார்பிளுக்குக் கை போகுமுன் கடப்பாக் கல்லையும் கோட்டாக் கல்லையும் பெரிய பலகைகளாக, தோல் மாதிரி மெருகில் பாருங்கள். வெறுங்காலுக்கு அவை போல் சுகம் கிடையாது. நீளமான நடைக்கு ரெட் ஆக்சைடு, இழைக்கத் தெரிந்த கை கிடைத்தால் மட்டும். ஆத்தங்குடிக் கல் பிடிக்கும் என்றால் ஒரே ஒரு அறையில், கம்பளம் விரித்த மாதிரி போடுங்கள்.

விலை உயர்ந்த பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. டூகென்ட்ஹாட் கூடத்தில் வெறும் வெள்ளை லினோலியம் தரை. நடுவில் மட்டும் மொராக்கோவின் அட்லஸ் மலையிலிருந்து வந்த ஓனிக்ஸ் கல்லில் ஒரே சுவர். குளிர்கால மாலை வெயில் தாழ்ந்து அடிக்கும்போது அந்தச் சுவர் உள்ளிருந்து சிவக்கும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி மக்காசர் கருங்காலியில் அரைவட்டச் சுவர். போர்க் காலத்தில் அது காணாமல் போய், 2011இல் அதே ஊர்ப் பல்கலைக்கழகக் கட்டிடம் ஒன்றின் உணவகத்தில் சுவர்ப் பலகையாக இருப்பதைக் கண்டுபிடித்து மீட்டார்கள். காசை எல்லாச் சுவரிலும் தூவாமல் ஒரு சுவரில் கொட்டியதால்தான் அதைத் தேட ஆள் இருந்தது என்று நினைக்கிறேன். வெனீர் (மெல்லிய மரத் தகடு) போடுகிறீர்கள் என்றால் ஒரே மரக்கட்டையில் அடுத்தடுத்துச் சீவிய தகடுகளாக, எண் போட்டு, நீங்களே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுங்கள். கைபேசிப் படத்தை நம்பாதீர்கள்.

அடுத்தது இடைவெளி. சுவரும் கூரையும், கதவுச் சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் நாம் வழக்கமாகப் பீடிங் அடித்து மறைப்போம். நவீன பாணியில் மறைப்பதற்குப் பதில் 12 மி.மீ. காடி விடுகிறோம். அதில் விழும் நிழல் கோடுதான் அலங்காரம். சொல்ல எளிது. என் முதல் பெரிய வேலையில் 140 அடிக்கு இந்தக் காடியைத் தச்சரும் பூச்சுக்காரரும் மூன்று வாரம் மட்டம் பார்த்து விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. திங்கள் காலை போனால் பெயிண்டர் சிரித்த முகத்தோடு, "சார், சுத்தி கேப் இருந்துச்சு. எல்லாத்தையும் பட்டி போட்டு அடைச்சுட்டேன்" என்றார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காடிக்குள்ளும் சிவப்பு டேப் ஒட்டி, "அடைக்காதே" என்று தமிழில் எழுதி வைக்கிறோம்.

9. சமையலறை, பூஜை

கூடத்தோடு சேர்ந்த அழகான சமையலறை காபிக்கும் விருந்தாளிக்கும். தாளிக்க, மீன் கழுவ, கிரைண்டர் ஓட, பின்னால் கதவுள்ள இன்னொரு சமையலறை. எது பெரிதாக இருக்க வேண்டும் என்றால் பின்னால் இருப்பதுதான். அங்கே கிரானைட் மேடையும் தரையில் நீர் வழியும் வாயும் வெளியே திறக்கும் பெரிய ஜன்னலும் வேண்டும். மேடை உயரத்தைச் சமைப்பவரை நிறுத்தி அளந்து வையுங்கள். முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே.

பூஜை அறைக்கு நவீன வடிவம் தேடி ஓட வேண்டாம். மேலிருந்து ஒரு கீற்று வெளிச்சம், வெறும் கல் சுவர், விளக்குப் புகை போக வழி. தூண் வேலைப்பாடு, வண்ண எல்இடி எதுவும் இல்லாமல் அதுவே வீட்டின் சிறந்த அறையாக வந்துவிடும்.

10. மின்சாரம், விசிறி, விளக்கு

ஸ்லாப் ஊற்றுமுன் விசிறிப் பெட்டி, விளக்குக் குழாய், ஏசியின் செம்புக் குழாயும் நீர் வடியும் குழாயும் போகும் பாதை எல்லாம் குறித்தாக வேண்டும். ஏசி நீர்க்குழாய்க்குச் சாய்வு விட மறந்து, மூன்று வருடம் கழித்துத் தேக்குச் சுவரை உடைத்த வீடுகள் உண்டு.

விளக்கில் பொதுவாக நடக்கும் தவறு, கூரை முழுக்கக் குழி விளக்காக அடுக்குவது. அதிலும் விசிறிக்கு நேர் மேலே விளக்கு வந்தால், இறக்கை வெட்டி வெட்டி வெளிச்சம் துடிக்கும், தலைவலி நிச்சயம். விசிறியின் இறக்கை வட்டத்தை வரைந்து, அதற்கு வெளியேதான் விளக்கு. வெளிச்சத்தின் நிற அளவு 3,000 கெல்வினுக்கு மேல் வீட்டுக்குள் வேண்டாம், வெள்ளை வெளிச்சத்தில் தேக்கு பிணம் மாதிரி தெரியும். கூரை விளக்குகளைக் குறைத்து, சுவர் மேலும் மேசை மேலும் தரையோரமும் விளக்கைப் பரப்புங்கள்.

11. குடிபோன பிறகு

சோபா, திரைச்சீலை, கம்பளம் எல்லாவற்றையும் கிரகப்பிரவேசத்துக்கு முன் வாங்காதீர்கள். கட்டிலும் சாப்பாட்டு மேசையும் நாலு பிரம்பு நாற்காலியும் போதும். ஒரு ஐப்பசி அந்த வீட்டில் இருந்து பாருங்கள். சாரல் எந்தச் சன்ஷேடைத் தாண்டி வருகிறது, எந்த இடத்தில் எல்லோரும் தானாகக் கூடுகிறார்கள், பிள்ளைகள் எங்கே படுத்துப் படிக்கிறார்கள் என்று தெரியும்.

ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டியதில் ஐந்து சதவீதத்தைப் பிடித்து வைப்பது வழக்கம். அந்தக் கடைசிக் காசோலையின் தேதியைத் தீபாவளிக்கு முன் போடாதீர்கள், தைப் பொங்கலுக்குப் போடுங்கள். சுண்ணாம்புக் கோட்டுக்குள் உட்கார்ந்து கேட்டைத் தேடினாரே, அந்தப் பாட்டியின் வீட்டில் அப்படித்தான் செய்தோம். நவம்பரில் மேற்கு மூலைக் குழாய் வாயருகே உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பாட்டிதான், மேஸ்திரி வண்டி நிறுத்துவதை முதலில் பார்த்து, உள்ளே குரல் கொடுத்தார்.